கிணற்றடித் தக்காளி

அத்தியாயம் ஏழு

“நாலு மணிக்கு ரக்ரர் காணிக்குள்ளை இறங்கும். அதுக்குப் பிறகு நீங்கள் கொண்டுவாற நியாயத்தை ரக்ரரின்ரை சில்லுக்குத்தான் சொல்லவேணும்.”

செல்வநாயகம் இதைக் கதிரையில் சாய்ந்திருந்தபடியே சொன்னார். தர்மபுரம் கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர். முன்னால் நின்ற கமலாசனியையும் கிறிஸ்தோப்பரையும் அவர் இருக்கச் சொல்லவில்லை. உள்ளேயிருந்து அனுப்பப்பட்ட தண்ணீரும் சிரட்டையில்தான் வந்தது. விறாந்தை மூலையில் மினுக்கிக் கவிழ்த்த செம்புகள் மூன்று இருந்தன. ஆனால், சிவலட்சுமிக்காகப் பேச வந்தவர்களுக்கு அந்த வீட்டில் செம்பு கிடையாது.

கிறிஸ்தோப்பர் தனக்கு வந்த சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நாற்பது வயதுக்காரன், முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்தவன். இடம்பெயர்ந்து வந்த ஒன்றரை வருடமாகக் கமலாசனியைப் பின்னால் ஏற்றிச் சைக்கிள் மிதிப்பதும், அவர் விசாரிக்கும் இடங்களில் வாயை அடக்கமாட்டாமல் நிற்பதுமே அவனுடைய தொழில்.

“மிஸ், எங்களுக்கெண்டு புதுசாய்த் தேங்காய் உடைச்சிருக்கினம். மரியாதையைப் பாருங்கோ.”

கமலாசனி சிரிக்கவில்லை. அரசாங்க விதைப் பரிசோதனைக் கூடமொன்றில் இருபத்தாறு வருடம் விதைகளை முளைக்கவைத்துத் தரம் பிரித்தவர் அவர். முளைப்பது எது, முளைக்காதது எது என்பதை அறிந்தவருக்கு மனிதரையும் அப்படியே பார்க்கும் பழக்கம் வந்திருந்தது. தண்ணீரைத் துளி மிச்சமின்றிக் குடித்து, சிரட்டையை ஒழுங்காகக் கவிழ்த்து வைத்தார்.

“இப்ப பத்தரை. நாலு மணி மட்டும் நேரம் காணும்,” என்றார்.

“எதுக்குக் காணும்?”

“உங்கடை பேத்தியைப் படுக்கையிலை விழுத்தின ஆளைப் பிடிக்க.”

வெற்றிலைத் தட்டுக்குப் போன செல்வநாயகத்தின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் முகம் இன்னும் இறுகியது.

“அந்த ஆளை நாங்கள் பிடிச்சாச்சு. அவளின்ரை பேர் சிவலட்சுமி. போட்டு வாங்கோ.”

நடந்தது இதுதான். சிவலட்சுமிக்கு அவளுடைய அண்ணன் வீரகத்தி சீதனமாகக் கொடுத்தது ஓர் ஏக்கர். கொடுப்பதற்கு முந்திய வருடம் அதன் மேல்மண்ணை வழித்து, கீழிருந்த சரளை மண்ணான கிறவலை வீதி வேலைக்காகத் தோண்டி எடுத்திருந்தார் அந்த அண்ணன். வெந்த ஓடுபோல் இறுகிய தரைதான் தங்கைக்கு மிஞ்சியது. கணவனும் ஷெல் விழுந்து இறந்துபோன பின்னர், அவளிடம் இருந்ததெல்லாம் அந்தத் தரையும் ஒரு மண்வெட்டியுமே.

வவுனியாவிலிருந்து உரம் வருவதற்கு அனுமதியில்லாத காலம். பக்கத்து இடம்பெயர்ந்தோர் முகாமிலோ மலசலகூடக் குழிகள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. ஒரு தொண்டு நிறுவனத்தார் அந்தக் கசட்டைப் பாத்திகளில் காயவைத்து, வைக்கோலும் சருகும் சாம்பலும் கலந்து குவித்து, ஐந்து மாதம் புரட்டிப் புரட்டி உக்கவைத்து எருவாக்கும் முறையைக் காட்டினார்கள். அதற்கு ஊரில் ஒருவரும் காணி கொடுக்கவில்லை, சிவலட்சுமி கொடுத்தாள். ஊர் அந்த எருவுக்குக் ‘கக்கூஸ் எரு’ என்று பெயர் வைத்தது. சிவலட்சுமிக்கும் ஒரு பெயர் வைத்தது. அது எழுத்தில் வரத் தகாதது. ஆனால் இரண்டாம் வருடம், முள்ளும் முளைக்கத் தயங்கிய அந்தத் தரையில் கச்சான் கடலைச் செடி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பிடுங்குவதற்கு இன்னும் இரண்டு கிழமையே இருந்தது.

தைப்பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் நிவாரணப் பொருள் கொடுக்கும் நாள். ஊர் முழுவதும் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்றுவிட்டு மாலையில் திரும்பியபோது, பொதுக்கிணறு நாறியது. கிணற்றுக்கு மேற்பக்கத்து வடிகானில் கறுத்த மலக்கழிவு கொட்டப்பட்டிருந்தது. மத்தியானம் பெய்த மழை அதில் பாதியைக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தது. அதற்குள் அதை அறியாமல் குடித்துவிட்ட இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றோட்டம். அதில் ஒன்று செல்வநாயகத்தின் பேத்தி கௌசலா. மூன்று நாள் சேலைன் ஏற்றித்தான் குழந்தை கண் விழித்தது. பன்னிரண்டு நாட்களாக ஊருக்கு ஒரே ஒரு குற்றவாளிதான். இன்று நான்கு மணிக்கு உழவு இயந்திரத்தை இறக்கிக் கச்சானை உழுது புரட்டி, அவளையும் ஊரைவிட்டு அனுப்புவதென்பது கமக்காரர் அமைப்பின் தீர்மானம்.

சிவலட்சுமி வேலியடியில் நின்று, சைக்கிளில் வந்திறங்கிய இருவரையும் பார்த்தாள். வரச் சொல்லி ஆள் அனுப்பியவள் அவளேயாயினும், முகத்தில் வரவேற்பு இல்லை. பன்னிரண்டு நாள் வசவு வாங்கியவளின் கண்ணுக்கு, வருகிறவர் எல்லாரும் வசவு கொண்டுவருகிறவர்களாகத்தான் தெரிவார்கள்.

“நீங்களும் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தனீங்கள்?”

“நான் முப்பது வருசம் கருவாட்டோடை படுத்தெழும்பினவன் அக்கா,” என்றான் கிறிஸ்தோப்பர். “எனக்கு மூக்கு இருக்கிறதே முகத்துக்கு அழகுக்குத்தான்.”

அவள் உதடு சற்று அசைந்தது. சிரிப்பாக மாறுமுன் நின்றுவிட்டது.

காணியின் ஓரத்தில் எருக்குவியல் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் நடுவே ஓர் இரும்புக் கம்பி செருகப்பட்டிருந்தது.

“இழு,” என்றார் கமலாசனி.

கிறிஸ்தோப்பர் கம்பியை உருவினான். மறுகணம் கையை உதறினான். “அம்மாடி! சூட்டுக்கோல்! உள்ளுக்குள்ளை ஆர் மிஸ் அடுப்பு மூட்டினது?”

“ஒருவரும் மூட்டேல்லை. உக்கிற பொருள் தானாய்ச் சுடும். புரட்டிப் புரட்டி விட்டால் உள்ளதெல்லாம் அந்தச் சூட்டுக்குள்ளை போய் வரும். கிருமி சாகும். வேறையும் சிலது சாகும்.” என்ன சாகும் என்பதை அவர் சொல்லவில்லை. கச்சான் வரிசைகளுக்கிடையே குனிந்து, ஏக்கரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நடந்தார். எதைத் தேடினாரோ, அது கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்குத் திருப்தி என்பது மட்டும் கிறிஸ்தோப்பருக்கு விளங்கியது.

சிவலட்சுமி சட்டைக்குள் மடித்து வைத்திருந்த கடதாசியொன்றை எடுத்து நீட்டினாள். “அண்ணை காலமை கொண்டுவந்து தந்தவர். ஊர் என்னைத் துரத்தினால் அவரின்ரை வீட்டிலை வந்திருக்கட்டாம். காணியை அவரின்ரை பேருக்கு எழுதினால், ரக்ரரை மறிக்கிறது தன்ரை பொறுப்பெண்டு சொன்னவர். நான் கையெழுத்து வைக்கிறதே, விடுறதே?”

கமலாசனி கடதாசியை மேலிருந்து கீழ்வரை படித்தார். “நாலு மணி மட்டும் வையாதை,” என்று திருப்பிக் கொடுத்தார்.

பொதுக்கிணற்றடியில் ஊரார் சிலர் கூடிவிட்டார்கள். உழவு இயந்திரக்காரன் தங்கராசா சில்லில் சாய்ந்து நின்றான். முகாமின் குழிகளிலிருந்து கசட்டைத் தாங்கியில் ஏற்றிச் சென்று காயவைக்கும் பாத்திகளில் இறக்கியவன் அவன். கச்சானை உழப்போகிறவனும் அவனே.

“என்னிலை பழியைப் போட வந்தனீங்களோ?” என்று முந்திக்கொண்டான். “நிவாரண நாளண்டைக்கு என்ரை ரக்ரர் ஓடேல்லை. மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல் சங்கக்கடைக்கு முன்னாலை நிண்டது. வெயிலுக்கும் மழைக்கும் ஊரே அதுக்குக் கீழை இருந்தது. கேட்டுப்பாருங்கோ.”

நின்றவர்கள் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார்கள்.

வடிகானில் கொட்டப்பட்ட கழிவின் மேல் ஊரார் மண் போட்டு மூடியிருந்தார்கள். பிறகு பெய்த மழையில் அந்த மண்ணைப் பிளந்துகொண்டு சிறு முளைகள் எழுந்திருந்தன. இரண்டு நீண்ட மெல்லிய விதையிலைகள், நடுவிலே பல்வெட்டிய முதல் இலை, தண்டிலே பூனைமயிர் போன்ற ரோமம். வடிகானின் நீளத்துக்கு நெருக்கமாக நின்றன. கமலாசனி ஒன்றைக் கிள்ளி, நசித்து, முகர்ந்து பார்த்துவிட்டுக் கிறிஸ்தோப்பரின் மூக்கருகே பிடித்தார்.

“தக்காளி,” என்றான் அவன். “பாருங்கோ மிஸ், ஊர்ச்சனம் குற்றம் நடந்த இடத்திலை தோட்டமும் வைச்சிட்டுது.”

“விசர்க்கதையை விட்டிட்டுப் போங்கோடா!” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. ஒரு மண்கட்டி பறந்து வந்து சைக்கிளின் மட்காட்டில் உடைந்தது. எறிந்தவர் யாரென்று கமலாசனி திரும்பிப் பார்க்கவில்லை. முளைகளைப் பார்த்தபடி வாய்க்குள் ஏதோ சொன்னார். அது எண்ணிக்கைபோல் கேட்டது.

அந்த ஊரில் அன்றைக்கு அவர்களை இருக்கச் சொன்ன ஒரே மனிதர் வீரகத்திதான். நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் தேன். கதிரை இரண்டை அவரே தூக்கிவந்து போட்டார்.

“இந்தச் சனத்துக்கு மனச்சாட்சி இல்லை, மிஸ். பிழை செய்தாலும் அவள் என்ரை தங்கச்சி. நான் கைவிடமாட்டன்.”

சொல்லியபடி அவர் தட்டொன்றைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் வட்டமாக அரிந்த பழுத்த தக்காளி. ஒரு துண்டை உப்பில் தோய்த்து வாயில் போட்டார்.

“குறை நினையாதையுங்கோ. சலரோகம், சீனி வருத்தம். பரியாரியின்ரை பத்தியம் இது. காலமையும் பின்னேரமும் தக்காளி, அவிக்காமல் பச்சையாய். மூண்டு வருசமாய் விடேல்லை. கொல்லையிலை நானே தண்ணி ஊத்தி வளர்க்கிறன். எடுங்கோ.”

பழத்தை நீட்டிய கையை மறுத்தால் பழி வரும் என்பதுபோல் கமலாசனி ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். ஆனால் அதை அவர் வாயில் வைத்ததைக் கிறிஸ்தோப்பர் காணவில்லை.

அவன் கொட்டிலுக்குள் நின்ற மாட்டுவண்டிலில் சாய்ந்து பீடி பற்றவைத்தான். வண்டில் பழையது, ஆனால் அதன் தட்டு, பொங்கலுக்கு மினுக்கிய அண்டாபோலத் துப்புரவாக இருந்தது. பலகைப் பொருத்துகளில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஏதோ படிந்திருந்தது. அவனுடைய வெள்ளைச் சேட்டின் கையிலும் அது அப்பிக்கொண்டது.

“என்ன ஐயா, வண்டில் பெரியபிள்ளையாகிட்டுதோ? சாமத்தியச் சடங்கு வைச்ச மாதிரிக் கிடக்கு!”

வீரகத்தி மெல்லுவதை நிறுத்தினார். ஒரே ஒரு கணம்தான். பிறகு சிரித்தார்.

“அது மஞ்சள் கிறவல், தம்பி. போன கிழமை இரண்டு பாரம் ஏத்தினனான்.”

“ஓ, கிறவலோ,” என்றார் கமலாசனி; எழுந்தார்; கும்பிட்டார்; படலையைத் தாண்டினார். ஒழுங்கையில் சைக்கிள் திரும்பியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

“கிறிஸ்தோப்பர், அந்தச் சேட்டைத் தோயாதை.”

“நான் தோய்க்கிறதை எப்ப மிஸ் கண்டனீங்கள்?”

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு வேலியடியில் நின்றது. ஊர் திரண்டிருந்தது. சிவலட்சுமி கச்சானுக்கு முன்னால் தரையில் அமர்ந்திருந்தாள். தூக்கினால்தான் எழும்புவாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. தூக்குவதற்கும் இரண்டு பேர் முன்வந்துவிட்டார்கள். அவளுக்குப் பக்கத்தில் வீரகத்தி, பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி, ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“தலைவர்,” என்றார் கமலாசனி. குரலை உயர்த்தவில்லை, ஆயினும் இயந்திரத்தின் உறுமலுக்கு மேலால் அது கேட்டது. “உழுறதுக்கு முந்தி உங்கடை ஆக்கள் இந்த ஏக்கருக்குள்ளை ஒரு தக்காளி முளை தேடித் தரட்டும். கிடைச்சால் நானே ரக்ரரிலை ஏறி உழுறன்.”

“தக்காளியோ? விளையாட்டுக்கே நிக்கிறியள்?”

“கிணத்தடியிலை கொட்டின கழிவிலை தக்காளி வரிசையாய் முளைச்சு நிக்குது. அது இந்தக் காணி எருவெண்டால், இஞ்சையும் முளைச்சிருக்கவேணும்.”

செல்வநாயகம் கண்ணைக் காட்டினார். நாலைந்து பேர், மனுசி சொல்வதைப் பொய்யாக்கும் ஆசையோடு, கச்சானுக்குள் இறங்கினார்கள். பிடரி வியர்க்கத் தேடினார்கள். வெறுங்கையோடு ஏறி வந்தார்கள்.

“இல்லை, என்ன?” என்றார் கமலாசனி. “மனுசர் தின்னிற தக்காளியின்ரை விதை வயித்துக்குள்ளாலை உயிரோடை வெளியிலை போகும். ஆனா எருக்குவியலின்ரை சூட்டுக்குத் தப்பாது. சந்தேகம் உள்ளவை அந்தக் கம்பியைத் தொட்டுப் பாருங்கோ. ஆகவே, கிணத்தடியிலை கிடக்கிறது பதப்படுத்தின எரு இல்லை. குழியிலையிருந்து நேராய் அள்ளின பச்சைக் கழிவு.”

“அப்ப முகாம் குழி!” என்றது கூட்டம். “தங்கராசாதான்!”

“என்ரை ரக்ரர் ஓடேல்லை எண்டு எத்தினை தரம் சொல்லுறது!”

“பொறுங்கோ. முகாம் சனம் தக்காளியைக் கண்டு எத்தினை மாதம்? பருப்பும் மாவும்தான் நிவாரணத்திலை வருது. சரி, ஊரிலை தக்காளி வாங்கிற நீங்களும் என்ன செய்யிறியள்? குழம்பிலை போடுறியள், ரசம் வைக்கிறியள். வெந்த விதை எங்கையாவது முளைச்சதுண்டே? இருபத்தாறு வருசம் நான் விதை முளைக்க வைச்சனான். ஒருக்காலும் காணேல்லை. தக்காளியைப் பச்சையாய், நாள் தவறாமல், வருசக்கணக்காய்த் தின்னிற ஒரு வீட்டின்ரை குழியிலையிருந்துதான் அது வந்திருக்கவேணும்.”

சின்ன ஊரில் யாருடைய பத்தியம் யாருக்குத் தெரியாது? முதலில் ஒரு தலை திரும்பியது. பிறகு எல்லாத் தலைகளும் திரும்பின.

வீரகத்தி பேனாவை மெதுவாக மூடினார். அவர் சிரிப்பு இன்னும் கலையவில்லை. “நல்ல கதை, மிஸ். ஆனா தக்காளியைப் பச்சையாய் நான் மட்டுமே தின்னிறன்? என்ரை கொல்லைக்கு வாற காகமும் தின்னுது. காகம் எச்சம் போட்ட இடமெல்லாம் முளைக்கும். இதுக்கு ஒரு மனுசனைக் குற்றம் சொல்லுவியளோ?”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அது நியாயமான கேள்வி என்பது கிறிஸ்தோப்பருக்கும் பட்டது. உழவு இயந்திரத்தின் பக்கம் செல்வநாயகத்தின் பார்வை போய் வந்தது.

“காகம் எச்சம் போடும்,” என்றார் கமலாசனி. “தலைவர், உங்கடை சுண்ணாம்பை ஒருக்கால் தாங்கோ.”

“என்னத்துக்கு?”

“தாங்கோ.”

செல்வநாயகம் மடியிலிருந்து சுண்ணாம்பு டப்பியை எடுத்து, அவர் கையைத் தொட்டுவிடாதபடி தரையில் வைத்தார். கமலாசனி அதைக் குனிந்து எடுத்தார்.

“இவன்ரை சேட்டுக் கையைப் பாருங்கோ. மஞ்சளாய்க் கிடக்கு. வீரகத்தியாரின்ரை வண்டில் பலகையிலை பட்டது. கேட்டதுக்குக் கிறவல் எண்டு சொன்னவர்.” விரல் நுனியில் சுண்ணாம்பை எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, சேட்டின் மஞ்சளில் தேய்த்தார். “கிறவலுக்குச் சுண்ணாம்பு போட்டால் கிறவலாய்த்தான் இருக்கும்.”

தேய்த்த இடம் சிவந்தது. ஆலாத்தித் தட்டின் தண்ணீர் சிவப்பதுபோலச் சிவந்தது. அந்தச் சிவப்பு எதனால் வருவதென்று அங்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தரத் தேவையில்லை.

“மஞ்சள்!” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“ஓம், மஞ்சள். காகம் எச்சம் போடும். ஆனா காகம் மாட்டுவண்டில் கட்டி வராது.”

“வந்தாலும்,” என்றான் கிறிஸ்தோப்பர், “போகேக்கை தீட்டுக் கழிய வண்டிலுக்கு மஞ்சள்தண்ணி தெளிச்சுப்போட்டுப் போகாது.”

கமலாசனி தொடர்ந்தார். “தங்கராசா இரண்டு வருசமாய்க் கசடு ஏத்தினவன். ஒரு நாளாவது ரக்ரருக்கு மஞ்சள் தெளிச்சவனே? இல்லை. அவனுக்கு அது வேலை. தீட்டெண்டு நினைக்கிறவனுக்குத்தான் தெளிக்க வேண்டிவரும். கூலிக்கு ஆள் பிடிச்சிருந்தால் கதை வெளியிலை வந்திருக்கும். அதாலை தன்ரை குழியைத் தானே அள்ளினவர். ஊர் முழுக்கச் சங்கக்கடையிலை நிண்ட அண்டைக்கு.”

செல்வநாயகம் ஓரடி முன்னால் வந்தார். “நிவாரண நாளண்டைக்குக் காய்ச்சல் எண்டு மனிசியை அனுப்பினனீ, வீரகத்தி.”

“தலைவர், நான்…”

“கிறவலைத் தோண்டித் தின்னேக்கை காணி உனக்கு. வெறுந்தரை தங்கச்சிக்கு. அது பச்சை பிடிச்ச உடனை திரும்பவும் உனக்கு வேணும். அதுக்கு என்ரை பேத்தி சேலைன் போத்திலோடை கிடக்கவேணுமோ?”

வீரகத்தியின் சிரிப்பு இப்போதுதான் கலைந்தது. “குழந்தையள் குடிக்குமெண்டு நான் நினைக்கேல்லை. மணத்தைக் கண்டு ஒருவரும் தொடமாட்டினம் எண்டுதான்…” வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, “கொஞ்சம் தண்ணி,” என்றார்.

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் செல்வநாயகத்தின் மனைவி ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

“குடிச்சிட்டு வா,” என்றார் செல்வநாயகம். “கிணறு இறைக்கிறது நீ. சேறு அள்ளுறது நீ. ஊர் பாத்துக்கொண்டு நிக்கும்.” பிறகு சிவலட்சுமியின் பக்கம் திரும்பினார். குரல் இளகவில்லை. “உன்ரை கச்சானை நீ பிடுங்கு. மறிக்கமாட்டன். ஆனா என்ரை படலைக்குள்ளை ஒரு கொட்டையும் கொண்டு வராதை. எனக்கு அந்த எரு பிடிக்காது. நாளைக்கும் பிடிக்காது.”

“உங்களைத் தின்னச் சொல்லி நான் கேக்கேல்லை,” என்றாள் சிவலட்சுமி.

தங்கராசா உழவு இயந்திரத்தைப் பின்னால் எடுத்தான். ஊர் கலைந்தது, அவளிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவள் எழுந்து எருக்குவியலருகே போனாள். மண்வெட்டியால் அதன் விலாவில் ஒரு பள்ளம் பறித்தாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. சட்டைக்குள்ளிருந்த கடதாசியை எடுத்து, மடிப்புக் கலையாமல் அதற்குள் வைத்து, எருவால் மூடித் தட்டினாள்.

“உது உக்குமோ மிஸ்?”

“கடதாசிதானே. ஐந்து மாதம் வேண்டாம்,” என்றார் கமலாசனி.

கிறிஸ்தோப்பர் தன் சேட்டுக் கையின் சிவப்பை ஒரு தரம் பார்த்தான், சைக்கிளை நிமிர்த்தினான். “முளைக்காமல் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா.”

“இந்தச் சூட்டுக்கு முளையாது,” என்றாள் சிவலட்சுமி. இரும்புக் கம்பியை எடுத்து, கடதாசி கிடந்த இடத்தில் ஓங்கிச் செருகினாள்.